கரட்டாத்தாளிடம் கேட்ட பூ

கோபிசெட்டிபாளையம்
23.8.98

அன்புள்ள தம்பி மூர்த்திக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உன் மச்சானும் நானும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் உமாவும் பையனும் அப்படியே இருக்கக் கரட்டாத்தாள் துணை. ஆடிக் காற்றில் பாதி வாழை சாய்ந்துவிட்டது. மற்றபடி குறை என்று ஒன்றுதான் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை கீதாவைப் பார்க்கச் சரவணம்பட்டி ஹாஸ்டலுக்குப் போனேன். முறுக்கைக் கையில் வாங்கக்கூட இல்லை, "அம்மா, மாமா நம்ம கரட்டாத்தா கோயிலைக் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காருங்க, வாங்க காட்டறேன்" என்று காந்திபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மாடியில் ஒரு இன்டர்நெட் கடை. உள்ளே பிளைவுட் அடித்து, கோழிக்கூண்டு மாதிரி வரிசையாகத் தடுத்து வைத்திருக்கிறான். கூண்டுக்கு ஒரு காலேஜ் பையன். இடம் தேடிப் போகும்போது ஒரு கூண்டுக்குள் பார்வை போய்விட்டது. ச்சீ! என்ன படம் என்று எழுதப் பேனா கூசுகிறது. அவனுக்கு அடுத்த கூண்டில் நம் ஆத்தாள்!

கிரீடம் முதலில் வந்தது. அப்புறம் நெற்றி. கண் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கண் வந்ததும் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். கடைக்காரன், "ஏனுங்கம்மா, போட்டுக்குங்க, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க" என்று சிரித்தான். நான் போடவில்லை. சிகரெட் துண்டு கிடந்த தரையில் வெறுங்காலோடு நின்றேன். ஊருக்கு வந்து காலை மூன்று தடவை கழுவினேன்.

பாட்டு ஒன்று தானாகவே வந்தது. நம் ஆத்தாளுக்குப் பெண்கள் கும்மியடிக்கும் பாட்டுத்தான். ஆனால் பல்வலிக்காரன் மூக்கால் அழுவது போல இருந்தது. ஆடி மாதம் பூராவும் சினிமா மெட்டில் அம்மன் பாட்டுப் போட்டு, குழாய் ஸ்பீக்கர் என் காதைக் கிழித்தது போதாதென்று இது வேறு. தோல் வாத்தியம் இல்லாமல் அவள் எந்திரிப்பாளா?

இதெல்லாம் போகட்டும். கீழே "பூக் கேட்க இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறாயே, அதை எந்தத் தைரியத்தில் வைத்தாய்? அமெரிக்கா போனதில் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். தலைக்குக் குளித்து ஈரச்சேலையோடு போக வேண்டும். பூசாரி சின்னான் வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தாள் காலடியில் வைப்பார். நாம் எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒருதரம்தான் கேட்கலாம். வாயைத் திறக்காமல் மனசுக்குள் கேட்க வேண்டும். கேட்கிற நேரத்தில் பூசாரி முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். கேட்கிறவள் முகத்தைக்கூட அவர் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் உன் பொத்தான் செய்யுமா?

கீதா அதை அழுத்தவில்லை, ஆனால் அதன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டாள். அதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்தப் பொத்தானை எடுத்துப்போடு சாமி.

உன் அக்கா
சென்னியம்மாள்


சான் ஓசே
9.9.98

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுக் கடிதம் கிடைத்தது. திட்டாக இருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம்.

இங்கே என் பிழைப்பைக் கொஞ்சம் கேளுங்கள். இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கிறபோது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போகும் என்று, பழைய கணக்குப் புரோகிராம்களில் தேதி தேதியாகத் தேடித் திருத்திக்கொண்டிருக்கிறேன். குப்பை பொறுக்குகிற வேலைதான், ஏசி அறையில். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பஜனை. பாதிப் பாட்டில் ஒருவன் பங்குச் சந்தை பேசுவான், இன்னொருவன் பீட்சா வந்துவிட்டதா என்று கதவைப் பார்ப்பான். இன்டர்நெட்டில் தமிழர்கள் கூடிப் பேசும் குழுக்கள் இருக்கின்றன. பொய்ப்பெயர் வைத்துக்கொண்டு அடுத்தவன் சாமியை, அடுத்தவன் தாயைத் திட்டுகிறார்கள். நேரில் பார்த்தால் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற ஆட்கள்தான் அக்கா. படித்துவிட்டுக் கை கழுவத் தோன்றும்.

அந்தச் சாக்கடைக்கு நடுவில் நம் ஆத்தாளுக்கு ஒரு சுத்தமான இடம் வேண்டும் என்றுதான் இதைச் செய்தேன். முதல் மாதம் பதினோரு பேர் வந்தார்கள். இப்போது ஒரு நாளைக்கு நாற்பது. டெக்ஸாஸ், துபாய், சிங்கப்பூர், நம் கோவையிலிருந்தும் வருகிறார்கள். பேர், நட்சத்திரம், ஊர் போட்டு, வேண்டுதலை ஒரு கட்டத்தில் டைப் அடிக்கிறார்கள். தமிழ் எழுத்து வராததால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்தான். "உங்கள் வேண்டுதல் ஆத்தாளின் காலடியில் சேரும்" என்று மேலே எழுதியிருக்கிறேன்.

எல்லாம் எனக்குத்தான் வந்து சேர்கிறது. கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன், இப்போது தினமும் வேலை முடிந்ததும் படிக்கிறேன். ஒருவர் எருமை கிடாரிக் கன்று போடுமா என்று கேட்கிறார். டல்லாஸில் ஒருவன் இங்கேயே தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைக்காக ஒரே மூச்சில் முப்பத்தாறு தடவை கேட்டிருக்கிறான், வெள்ளை வந்தும் விடவில்லை! ஒரு பெண், பாவம், வீட்டுக்காரர் அடிப்பதை நிறுத்துவாரா என்கிறாள். ஊரே என்னிடம் பேசுவது போல இருக்கிறது.

அந்தப் பல்வலிப் பாட்டை வாசித்தவன் கீதாவின் சிநேகிதன் ஒருவன். கீபோர்டில் வாசித்துக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக் கொடுத்தான். நான் கேட்டு, அவள் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். அவனைத் திட்டாதீர்கள்.

மச்சானுக்கு வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி
திருமூர்த்தி


கோபிசெட்டிபாளையம்
27.9.98

தம்பி மூர்த்திக்கு,

தூ! முதல் வார்த்தை இதுதான் வருகிறது, மன்னித்துக்கொள்.

அடுத்தவன் ஆத்தாளிடம் சொல்வதை உட்கார்ந்து படிக்கிறாயா? அதையும் நாலு பேர் கதையாக எனக்கு எழுதுகிறாயா? புருசன் அடிக்கிறான் என்று ஒருத்தி அவள் காலடியில் போய் விழுகிறாள். அங்கே அவள் இல்லை, நீ காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானச் சோறு இறங்கவில்லை. மச்சான், "ஏன் அம்மணி, மூர்த்திக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

பூசாரி சின்னான் குடிப்பார், சீட்டாடுவார், பெண்டாட்டியிடம் அடி வாங்குவார். ஊருக்கே தெரியும். ஆனால் முப்பது வருசமாகப் பூக் கேட்க வருகிறவர்கள் முன்னால் முதுகைக் காட்டித்தான் நிற்கிறார். போன வருசம் அவர் மகளே வந்து கேட்டபோதும் சுவரைப் பார்த்துத்தான் நின்றார். அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தண்ணி போட்ட நாளில்கூட அந்த ஒன்று அவருக்குத் தப்பியதில்லை. எம்.சி.ஏ. படித்த உனக்குத் தப்பிவிட்டது.

அந்தக் கட்டத்தை முதலில் எடு. மனசுக்குள் கேட்டால் போதும் என்று எழுது. இல்லையென்றால் "திருமூர்த்தியின் காலடியில் சேரும்" என்று மாற்றி எழுது, அதாவது உண்மையாக இருக்கும்.

அக்கா


சான் ஓசே
18.10.98

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இவ்வளவு கோபப்படுவீர்கள் என்று நினைக்கவில்லை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை அக்கா. கட்டத்தில் எழுதாமலும் பூக் கேட்கலாம். இருந்தும் எல்லோரும் எழுதுகிறார்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்கேயாவது கொட்ட வேண்டும் போலிருக்கிறது.

படிப்பதைக் குறைத்துக்கொள்கிறேன். கட்டத்தை எடுக்க மனசு வரவில்லை. எடுத்துவிட்டால் மாலையில் எனக்கு என்ன இருக்கிறது? உமா டி.வி. பார்ப்பாள், பையன் இங்கிலீஷில்தான் பேசுவான்.

தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். கோபத்தோடாவது போர்த்திக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி
திருமூர்த்தி


கோபிசெட்டிபாளையம்
24.1.99

அன்புள்ள தம்பி மூர்த்திக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. சால்வையைப் போர்த்திக்கொள்கிறேன். சண்டையை மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு வாய்தான் நீளம் என்று உனக்குத் தெரியாததா?

கீதாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. சத்தியமங்கலம். பையன் என்ஜினியர், ஒரே பையன், ஆற்றுப் பாசனத் தோட்டம். வந்து பார்த்தார்கள். பையனின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நமக்கு மேலேதான் எல்லா விதத்திலும்.

அவர்கள் கிளம்பிப் போனதும் கீதா என்ன சொன்னாள் தெரியுமா? "ஆத்தாகிட்ட பூக் கேட்டுட்டுச் சொல்றேங்கம்மா." சரி, நாளைக்கே கோயிலுக்குப் போகலாம், சின்னானுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். "அங்க வேண்டாங்க. நான் கோயமுத்தூர்லயே கேட்டுக்கறேன்" என்றாள். சனிக்கிழமை தவறாமல் அந்தக் கோழிக்கூண்டுக்குப் போகிறாளாம், அவள் அறைத்தோழி சொன்னாள்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவள் அங்கே என்ன கேட்கிறாள் என்று பார்த்துச் சொல்.

நான் உன்னைக் காறித் துப்பியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது அதையே நான் நக்குகிறேன். பெற்ற வயிறு தம்பி, வேறென்ன சொல்ல. போனில் பேசலாம் என்றால் எஸ்.டி.டி. பூத்துக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடிதமே போடு. மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அக்கா
சென்னியம்மாள்


சான் ஓசே
7.2.99

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதத்திலிருந்தே தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

அவள் மற்றவர்களைப் போல எழுதுவதில்லை. ஒவ்வொரு தடவையும் "நான் கீதா, ரோகிணி நட்சத்திரம், கோபி" என்று ஆத்தாளுக்குத் தன்னை அறிமுகம் செய்துகொண்டுதான் தொடங்குகிறாள். அப்புறம் கடிதம் போல எழுதுவாள். பரீட்சை, ஹாஸ்டல் சோறு, உங்கள் முழங்கால் வலி, எல்லாம் இருக்கும். சனிக்கிழமைதோறும் அதற்காகவே காத்திருக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பூவை அழுத்தவே மாட்டாள். பேசிவிட்டுப் போய்விடுவாள்.

அந்தக் கீபோர்டுப் பையன்தான். மிதுன் என்று பேர். ஒரு லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிறான். நம் ஆட்கள் இல்லை. அப்பா இல்லை, அம்மா தையல் மிஷின் வைத்திருக்கிறார். நான் கேட்ட அந்தக் கும்மிப் பாட்டுக்காகத்தான் முதல்முதலாக இருவரும் பேசியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஆத்தா, பங்குனி உத்திரத்தன்னைக்குக் கேட்கறேன். ஒருதரந்தான் கேட்பேன். வெள்ளை வந்தா அப்பா கால்ல விழுந்தாவது மிதுனைக் கட்டிக்கறேன். செகப்பு வந்தா அவனை விட்டுட்டு சத்திக்காரரைக் கட்டிக்கறேன். அழ மாட்டேன். உன்மேல சத்தியம்."

அக்கா, அவள் சொன்னால் செய்வாள். நாம் பேசி, திட்டி, அழுது நடக்காதது அந்த ஒரு பூவில் நடந்துவிடும். அந்தப் பூ சும்மா வருவதுதான். பகடை உருட்டுகிற மாதிரி, எது வேண்டுமானாலும் வரும். ஆனால் அந்தப் பேரும் நட்சத்திரமும் ஊரும் சேர்ந்து வந்தால் சிவப்புதான் வர வேண்டும் என்று புரோகிராமில் எழுதிவிட எனக்கு மூன்றே வரி போதும்.

நீங்கள் சொல்லாமல் செய்ய மாட்டேன்.

தங்கள் தம்பி
திருமூர்த்தி


கோபிசெட்டிபாளையம்
20.2.99

மூர்த்தி,

செஞ்சுபோடு.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

சென்னி


சான் ஓசே
4.4.99

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது.

உத்திரத்தன்று அங்கே காலை ஒன்பது மணி. இங்கே முந்தின நாள் மாலை. அலுவலகத்திலிருந்து நேராக வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வந்தாள். பேர், நட்சத்திரம், ஊர். "தலைக்குக் குளிச்சுட்டு வந்திருக்கேன் ஆத்தா. ஈரத்துணியோட பஸ்ஸுல ஏற முடியலை, மன்னிச்சுக்க. முடி மட்டும் ஈரமா இருக்கு. கேட்கறேன்." அவ்வளவுதான் எழுதினாள். அழுத்தினாள். சிவப்பு போயிற்று.

ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரே வரி வந்தது: "சரி ஆத்தா."

டல்லாஸ்காரன் முப்பத்தாறு தடவை கேட்டான் என்று உங்களுக்கு எழுதினேனே. இவளும் இன்னொரு தடவை அழுத்துவாள், கோபித்துக்கொள்வாள், ஏதாவது செய்வாள் என்று நினைத்தேன். அழுத்தியிருந்தால் அந்த மூன்று வரியை எடுத்திருப்பேனோ என்னவோ. அவள் அழுத்தவில்லை. அதற்கப்புறம் சனிக்கிழமை வரவும் இல்லை.

நல்லதுக்குத்தான் செய்தோம். அப்படித்தானே அக்கா?

திருமூர்த்தி


கோபிசெட்டிபாளையம்
20.6.99

மூர்த்திக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதற்கு நீ பதில் போட வேண்டியதில்லை.

பரீட்சை முடிந்து கீதா வீட்டுக்கு வந்தாள். சத்தியமங்கலத்துக்குச் சரி என்றாள். மச்சான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆவணியில் தேதி குறித்தாயிற்று. அவள் சத்தியம் பண்ணியபடி அழவேயில்லை. சாப்பிட்டாள், துணி துவைத்தாள், சேலை எடுக்க வந்தாள். கடைக்காரர் எதை விரித்தாலும் "நல்லா இருக்குங்க" என்றாள். டேப் ரிக்கார்டரை மட்டும் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். கும்மிக்குக் கூப்பிட்டார்கள், "தலவலிங்கக்கா" என்று போகவில்லை.

ஒருநாள் பூக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் கேட்காமலே சொன்னாள். "நான் ஒருத்தரை நெனச்சிருந்தேங்கம்மா. ஆத்தா வேண்டாம்னு சொல்லிப்போட்டா. அவளே சொன்னதுக்கப்புறம் நான் யாருங்க?" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கையில் செவ்வரளிச் சரம் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து எதைத் தின்றாலும் இப்படித்தான். என் கையை மூக்கருகே கொண்டுபோனால் எனக்கே நாறுகிறது.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கீதாவிடம் உண்மையைச் சொல்லலாமா, கூடாதா என்று பூக் கேட்கத்தான் போனேன். சின்னான் இரண்டு பொட்டலம் மடித்து வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். கேட்க மனசு வரவில்லை தம்பி. என் மகளை ஆத்தாள் பேரைச் சொல்லி ஏமாற்றினேன், இப்போது அந்த ஆத்தாளிடமே யோசனை கேட்க வந்திருக்கிறேன், எனக்கு வெட்கம் என்பதே கிடையாதா? நின்றேன் நின்றேன், பொட்டலத்தைத் தொடாமல் வெளியே வந்தேன். சின்னான் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். "பூசாரி, நான் போறனுங்க" என்று சொன்ன பிறகுதான் திரும்பினார்.

அன்றைக்கே வீட்டில் கீதாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பழியை உன்மேல் மட்டும் போடவில்லை. "செஞ்சுபோடு" என்று எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அடிப்பாள், கத்துவாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா எல்லாத்தையும் படிச்சாருங்களா?"

ஆமாம் என்றேன்.

"மொதல்ல இருந்தேவா?"

ஆமாம் என்றேன். எழுந்து போய்க் குளித்தாள். குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறமும் சோப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டாள். பூவை நீ மாற்றியதுகூட அவளுக்கு இரண்டாம்பட்சம் மூர்த்தி. நீ படித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சேலை மாற்றுகிற அறைக்குள் ஏழெட்டு மாதமாக ஒரு ஆள் நின்றிருந்தான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவள் முகம். அந்த ஆள் தாய்மாமன். அவனை உள்ளே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டவள் பெற்றவள்.

மறுநாள் விடியலில் ஈரச்சேலையோடு வந்து நின்று, "கோயிலுக்குப் போலாங்கம்மா" என்றாள். போனோம். சின்னான் மடித்து வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். நானும் அவர் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சேலை முந்தானையால் காதையும் மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. "ஆச்சுங்க" என்றாள். திரும்பியபோது அவள் கை மூடியிருந்தது. எதிரே இரண்டாவது பொட்டலம் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சின்னான் அதை அப்படியே எடுத்து ஓடையில் போட்டார்.

அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. என்ன வந்தது என்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாங்கப்பா" என்று அவளே சொன்னாள். ஒரு பையோடு கோவை பஸ் ஏறிவிட்டாள். வேலைக்கா, அந்தப் பையனிடமா, இல்லை என் முகத்தில் விழிக்காமல் இருந்தால் போதும் என்றா, நான் கேட்கவில்லை. சத்தியமங்கலத்தாருக்கு மச்சான் போய்ச் சொல்லிவிட்டு வந்து, நாலு நாளாய் வெளியில் யாரோடும் பேசவில்லை. நான் நடந்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது என்னோடும் பேசவில்லை. சரிதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் என்றால் நாளைக்கு ஆறும். இது அருவருப்பு. உன்னை நினைத்தால் வருகிறது, கண்ணாடியைப் பார்த்தாலும் வருகிறது.

சென்னியம்மாள்


சான் ஓசே
4.7.99

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட வேண்டாம் என்றீர்கள். போடாமல் இருக்க முடியவில்லை.

கோயில் பக்கத்தையே எடுத்துவிட்டேன். பொத்தான், கட்டம், பாட்டு, ஒன்றும் இப்போது இல்லை. வந்த வேண்டுதல்கள் பத்தாயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும் அழித்தேன். கீதாவுடையதைக் கடைசியாக அழித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழிப்பதற்கு முன் ஒருதரம் முழுக்கப் படித்துவிட்டுத்தான் அழித்தேன்.

அவளுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத விலாசம் தெரியவில்லை. நீங்கள் தருவீர்களா? மாமன் சீரோடு வந்து முன்னால் நிற்க வேண்டியவன் நான். எந்த முகத்தோடு நிற்பேன் என்று தெரியவில்லை. அவள் கூப்பிடவும் மாட்டாள்.

மாலை நேரங்களில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். திரையில் ஒன்றும் வருவதில்லை. உமா கேட்டாள், என்ன ஆச்சு உங்களுக்கு என்று. வேலைக் களைப்பு என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை நாளில் அவளிடமிருந்தோ, மச்சானிடமிருந்தோ, அந்தச் சின்னானிடமிருந்தோ உங்களுக்கு ஏதாவது தெரிந்திருக்கும். அவள் கையில் இருந்தது வெள்ளையா, சிவப்பா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டால் என்னால் தூங்க முடியும்.

தங்கள் தம்பி
திருமூர்த்தி


கோபிசெட்டிபாளையம்
20.7.99

மூர்த்தி,

உறையில்லாத தபால் கார்டில்தான் எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும், அமெரிக்காக்காரனும் படிக்கட்டும்.

இன்னும் எட்டிப் பார்க்கிறாய்.

திரும்பி நில்லுடா.

சென்னியம்மாள்